வாய்க்காலைத் தாண்டும் சைக்கிள்கள்

புதுச்சேரியில் சைக்கிள் சுற்றுலாவின் நேரத்தை முடிவு செய்வது வெயில்தான். காலை ஆறேகாலுக்குப் புறப்பட வேண்டும், ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். பத்து மணிக்குக் கிளம்பலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சரி என்று சொன்னதே இல்லை. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, காற்று வரும் என்று நினைப்பார்கள். விடியற்காலையில் வருவது நிலக்காற்று. எட்டு மணி வாக்கில் அது அடங்கிவிடும். கடற்காற்று உள்ளே வர உச்சிவேளை ஆகும். இரண்டுக்கும் நடுவில் இலை அசையாது. அந்தப் புழுக்கத்தில்தான் பழக்கமில்லாதவர்களுக்குத் தலை சுற்றும்.

ஊரின் அமைப்பு நமக்குக் கொஞ்சம் உதவி செய்யும். 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர் கையில் இருந்தபோது போட்ட திட்டத்தில் வந்தவை இந்த நேர் வீதிகள். தூமா வீதி, ரொமேன் ரோலான் வீதி, மிஷன் வீதி எல்லாம் தெற்கு வடக்காகப் போகும். காலையில் கிழக்கு வரிசை வீடுகளின் நிழல் பாதிச் சாலைக்கு விழுந்து கிடக்கும். அந்த நிழலுக்குள் ஓட்டினால் கூட வருகிறவர்களுக்குக் களைப்பே தெரியாது. கிழக்கு மேற்காகப் போகும் வீதிகளில் முடிந்தவரை கடலுக்கு முதுகைக் காட்டித்தான் கூட்டிப்போவேன். எதிர்த்திசையில் போனால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், எதிரே வரும் வண்டி தெரியாது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் வரலாற்றுப் புத்தகத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் அவர்களை ஒரு வாரம் நிழல் பார்க்கச் சொல்வேன்.

1990-களின் தொடக்கத்தில் மிஷன் வீதிப் பக்கம் ஒரு வாடகை சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றைக்குப் புதுச்சேரி சைக்கிள் ஊர். அரவிந்தர் ஆசிரமத்துக்காரர்கள் வயதான காலத்திலும் அரைக்கால் சட்டையோடு சைக்கிளில்தான் போவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பேருந்து நிலையத்திலிருந்து நேராகக் கடைக்கு வருவார்கள். நோட்டில் பெயர், தங்குமிடம், எடுத்த நேரம் எழுதிக்கொண்டு வண்டியைக் கொடுப்போம். போகும்போது எல்லோரும் வழி கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு நானும் தாளில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முதலாளி, "தெனம் படம் வரையறதுக்குப் பதிலா கூடப் போய்க் காட்டிட்டு வாயேன்டா" என்றார். அப்படித் தொடங்கியதுதான். அதற்கு அப்போது சுற்றுலா என்ற பெயரெல்லாம் கிடையாது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சைக்கிளில் வலக்கை பிரேக் முன் சக்கரத்தைப் பிடிக்கும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் பெரும்பாலும் இடக்கைதான் முன் சக்கரத்துக்கு. நாய் குறுக்கே வந்தால் கை யோசிக்காது, பழகிய பிரேக்கைத்தான் பிடிக்கும். பின் சக்கரம் என்று நினைத்து முன் சக்கரத்தை இறுக்கி, ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே புறப்படுவதற்கு முன்னால் ஆள் இல்லாத வீதியில் எல்லோரையும் ஓட்டவிட்டு, நான் கை தட்டும்போது நிறுத்தச் சொல்வேன். ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்திலேயே யார் சைக்கிள் விட்டுப் பல வருடம் ஆனவர், யார் அவசரக்காரர், யாரை எனக்குப் பின்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்தது உப்பு. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிறுத்தி வைக்கிற சைக்கிளில் போக்ஸ் கம்பி, செயின், சீட்டுக் கம்பி மூன்றும் துருவுக்கு முதல் பலி. நெட்டு இறுகிப்போனால் உயரமானவர் வரும்போது சீட்டை ஏற்ற முடியாது. முழங்கால் மடங்கியபடியே இரண்டு மணி நேரம் மிதித்தவர் இரண்டாம் தடவை வரமாட்டார். தினமும் நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் விட வேண்டும். இதைச் சலிக்காமல் செய்கிற கடையில்தான் நல்ல வழிகாட்டியும் இருப்பார்.

கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவரைத்தான் எல்லோரும் தலைவர் என்று நினைப்பார்கள். வேகத்தை முடிவு செய்கிறவர் கடைசி ஆள். அவர் விசில் கொடுத்தால்தான் முன்னால் இருப்பவர் சந்திப்பைத் தாண்டலாம். நேரு வீதியும் மிஷன் வீதியும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கமும் பாதிப் பேர் இந்தப் பக்கமும் நின்றுவிட்டால் அன்றைய பயணம் அங்கேயே குலைந்துவிடும். வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் திருப்பத்தில் தங்களையறியாமல் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அவர்களைக் கண்ணில் வைத்துக்கொள்ளும் வேலையும் கடைசி ஆளுக்குத்தான்.

இனி வழி. இதில்தான் மற்றவர்களோடு எனக்கு எப்போதும் வாக்குவாதம். புதுச்சேரியைத் தெற்கு வடக்காகப் பிளந்து ஓடுவது பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே கடல் வரை பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. பெரும்பாலான சுற்றுலா கிழக்கிலேயே தொடங்கிக் கிழக்கிலேயே முடிந்துவிடும். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, கடற்கரை, காந்தி சிலை என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் மேற்கில் தொடங்கி, வாய்க்காலைத் தாண்டி, கடலில் முடிப்பேன். மேற்கைப் பார்க்காமல் போனவர் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார் என்பது என் முடிவு.

கிழக்கே வீடுகள் உயர்ந்த மதிலுக்கும் பெரிய கதவுக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். மேற்கே வீடு வீதியைப் பார்த்துத் திறந்திருக்கும். திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண்களோடு தெருவை ஒட்டித் தாழ்வாரம். வைசியாள் வீதியில் இந்தத் தாழ்வாரங்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தொடர்ந்து போகும். வழிப்போக்கன் வெயில் படாமல் நடந்து போகட்டும் என்று தங்கள் மனையில் இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்த வீதியில் பல வீடுகளின் முகப்பைப் பழையபடி சீரமைத்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. சீரமைப்புக்கு முன்னால் இருந்த வீதியையும் எனக்குத் தெரியும். தாழ்வாரத்தை இடித்து ஷட்டர் கதவு போட்ட வீடுகளைத் தாண்டித் தாண்டிப் போவோம். அப்போது இந்த வீதியில் யாரையும் நிறுத்திக் காட்ட எனக்கு மனம் வராது. இன்றைக்கு அங்கேதான் அதிக நேரம் நிற்கிறேன்.

ஆனால் நிற்பதற்கு அந்த வீதிக்காரர்களின் சம்மதம் வேண்டும். தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. பழைய நாட்களில் ஒரு திண்ணையில் பாட்டி ஒருவர் காலையில் காபியோடு உட்கார்ந்திருப்பார். முதல் தடவை எட்டுப் பேரோடு போய் நின்றபோது கேட்டார்: "என்ன தம்பி, எங்க ஊட்டப் பாக்க என்னா இருக்கு?" இறங்கி, யார் இவர்கள், எதைக் காட்டுகிறேன், எவ்வளவு நேரம் நிற்போம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப வெளியவே நின்னா எப்பிடி? உள்ள முத்தத்தக் காட்டு. செருப்ப மட்டும் கழட்டச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை அந்த வீடு எங்களுக்குத் திறந்தே இருந்தது. பொங்கலுக்கு நான் கரும்பு வாங்கிக்கொண்டு போவேன். காசு கொடுத்ததில்லை, அவர் கேட்டதுமில்லை. முற்றத்தில் நின்றதும் வெளியே இருந்த வெக்கை விலகுவதை ஒவ்வொருவரும் உடம்பால் உணர்வார்கள். தடித்த சுவர், உயர்ந்த தளம், நடுவில் திறந்த வானம், சூடான காற்று மேலே போகும் வழி என்று நான் விளக்கத் தொடங்கும்போது அவர்களுக்குப் பாதி புரிந்திருக்கும்.

பெரிய மார்க்கெட்டுக்கு அருகே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. 1709-ல் பிறந்து 1761-ல் இறந்தவர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் சாகும் காலம் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்த அதே மாதத்தில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. பிறகு கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் பிரெஞ்சு வீடுகள் எல்லாம் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பிய 1765-க்குப் பிறகு அதே வீதிக் கோடுகளின் மேல் மறுபடி எழும்பியவை. மார்க்கெட்டின் மீன் நாற்றத்துக்கும் பூக்கடை வாசனைக்கும் நடுவில் நின்று இதைச் சொன்னால் கேட்கிறவர் மறக்கமாட்டார். ஆனால் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு அதற்கு மேல் கால் கடுக்கும். ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் வீட்டுக்கு முன்னால் மட்டும் இந்த விதியை நான் தளர்த்திக்கொள்வேன். 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில் இருந்தார். எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயரின் பிடிவாரண்டு, இங்கே அவர்களுடைய ஒற்றர்கள். தமிழ் தெரிந்தவர்கள் கூட வந்திருந்தால் அவர்கள்தான் கிளம்பமாட்டேன் என்பார்கள்.

அந்தக் காலத்தில் வந்தவர்களில் ஒரு வகையினர் இப்போது அபூர்வம். பிரான்சிலிருந்தும் ரீயூனியன் தீவிலிருந்தும் முன்னோர் வீட்டைத் தேடிக்கொண்டு வருவார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. எழுதிக்கொடுத்த குடும்பங்களும் உண்டு, ஊரே போதும் என்று இருந்துவிட்ட குடும்பங்களும் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தாக்கள் பலர் வீதிக்கு வீதி இருந்தார்கள். யாராவது பழைய முகவரியோடு வந்தால் நான் நேராக அந்த வீதியின் மூத்த சொல்தாவிடம்தான் அழைத்துப்போவேன். அவருக்குத் தெரியாத வம்சம் கிடையாது.

ரீயூனியனிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் முகவரியே இல்லை. பாட்டனாரின் தகப்பன் கப்பலேறியது புதுச்சேரியில் என்பது மட்டும் தெரியும். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றிப்போனார்கள். துறைமுகம் என்று ஒன்றும் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், மசூலாப் படகில் அலையைக் கடந்து போய் ஏற வேண்டும். அவருக்குக் காட்ட என்னிடம் வீடு இல்லை. கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போய், 1952 புயலில் அழிந்த பழைய இரும்புப் பாலத்தின் மிச்சத் தூண்கள் நீரில் நிற்பதைக் காட்டினேன். இந்தக் கரையிலிருந்துதான் ஏறியிருப்பார்கள் என்றேன். அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களைக் கூட்டாளியோடு அனுப்பிவிட்டு நான் அவரோடு இருந்தேன். அதுவும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

கடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது காந்தி சிலைக்கு எதிரே மணல் இருந்தது. 1980-களின் பின்பாதியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல் தடுப்புகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். இந்தக் கரையில் தென்மேற்குப் பருவ மாதங்களில் மணல் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே நகரும். வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் மிக அதிகம். தடுப்பு குறுக்கே நின்றதும் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே ஊருக்கு வர வேண்டிய மணல் நின்றுபோனது. இருந்ததை அலை எடுத்துக்கொண்டு போக, கரையைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் போட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், அப்புறம் தமிழ்நாட்டு எல்லைக்குள் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவர் வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குப் போயின. கட்டுமரம் ஏற்றி வைக்க இடமில்லாமல் தவித்தவர்கள் என் சிநேகிதர்கள். ஏறக்குறைய முப்பது வருடம், கடற்கரை எங்கே என்று கேட்ட விருந்தினர்களுக்குக் கற்களைத்தான் காட்டினேன்.

2018-ல் சென்னையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் பெரிய எஃகு அமைப்பு ஒன்றை மூழ்கடித்தார்கள். அலையின் வேகம் அதில் உடைந்து, மணல் தங்கத் தொடங்கியது. மாதத்துக்கு மாதம் கற்களுக்கு முன்னால் மணல் விரிந்ததை நான் சைக்கிளில் இருந்தபடியே பார்த்தேன். பிள்ளைகள் மறுபடி அங்கே விளையாடுகிறார்கள். ஆனால் வடக்கே குப்பங்களின் துயரம் தீர்ந்துவிடவில்லை. ஆகவே யாராவது கடல் பற்றிக் கேட்டால் சிலையோடு நிறுத்தமாட்டேன், வைத்திக்குப்பம் வரை கூட்டிப்போவேன். மாசி மகத்தன்று மட்டும் அந்தப் பக்கம் சைக்கிளே கிடையாது. சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். அன்றைக்கு நடந்துதான் போக வேண்டும்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஊர் மக்கள் நடக்கிற நேரம் அது. நாங்கள் முன்னதாக வந்துவிட்டால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே போவோம். மேரி கட்டடத்துக்கு முன்னால் நிற்கும்போது, 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்ததைச் சொல்வேன். நூறு வருடத்துக்கு மேல் நின்ற நகர மன்றக் கட்டடம். பராமரிப்பு இல்லாமல் நீர் இறங்கி இறங்கி, ஒருநாள் தரைமட்டமானது. 2021-ல் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் இது புதியது என்று நான் சொல்லிவிடுவேன். பழையது என்று நினைத்துக்கொண்டு யாரும் போகக் கூடாது. ஒரு வீட்டின் ஓட்டையை அடைக்கிற செலவு, இடிந்த பிறகு கட்டுகிற செலவில் எத்தனையில் ஒரு பங்கு என்று யோசித்துப் பார்க்கட்டும்.

மணக்குள விநாயகர் கோவில் யானை லட்சுமியை விருந்தினர்கள் கேட்டுக்கேட்டுப் பார்ப்பார்கள். 2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது காமாட்சியம்மன் கோவில் வீதியில் சாய்ந்து இறந்துவிட்டது. அன்றைக்கு ஊரே வீதியில் அழுதது. நான் சுற்றுலாவை நிறுத்திவிட்டு, கூட வந்தவர்களை வரிசையில் நின்று வணங்கச் சொன்னேன். ஒருவரும் படம் எடுக்கவில்லை.

இப்போது மாறியிருப்பவற்றில் எனக்குக் கவலை தருவது நெரிசல்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானதும் சென்னையிலிருந்து வார இறுதிக்குக் காரிலேயே வந்துவிடுகிறார்கள், பெங்களூரிலிருந்து வருகிறவர்களும் அப்படித்தான். சைக்கிள் வாடகைக்கு எடுத்தவர்கள் ஸ்கூட்டர் எடுக்கிறார்கள். 2020-ல் அட்லஸ் சைக்கிள் கம்பெனி தன் கடைசித் தொழிற்சாலையை மூடிய செய்தி வந்தபோது எங்கள் பட்டறையில் யாரும் அன்று மதியம் வரை பேசவில்லை. குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் விடுதியாகவும், உணவகமாகவும் ஆகிவிட்டன. மஞ்சள் சுவருக்கு முன்னால் உடை மாற்றி மாற்றிப் படம் எடுக்கிறவர்கள், அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் தூங்குகிறது என்பதை நினைப்பதில்லை. இங்கே படம் எடுக்காதீர்கள் என்று எழுதி ஒட்டவேண்டிய நிலைக்கு வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். வருடக்கணக்கில் நாங்கள் சம்பாதித்த சம்மதம் இப்படித்தான் கரைகிறது. அதனால் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். வருமானம் குறைந்தது. வீதிக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவது நிற்கவில்லை.

வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. முடிந்தால் வார நாளில் வாருங்கள். நவம்பரில் மழையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள், ஜனவரி, பிப்ரவரி மிக நல்லது. விடியும்போது கிளம்புங்கள், வாய்க்காலுக்கு மேற்கே ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். திண்ணையில் ஆள் இருந்தால் வணக்கம் சொல்லி, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். நகராட்சியாரிடமும் ஒன்று கேட்கிறேன். கடற்கரைச் சாலைக்குக் கொடுத்திருக்கும் அந்த அமைதியான காலையை, ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது, வைசியாள் வீதிக்கும் ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதிக்கும் காலை ஒன்பது மணி வரை கொடுங்கள்.